பெண்ணைச் சோதிக்குமுன் உங்கள் சொல்லைச் சோதியுங்கள்

(சாயர்புரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு இங்கு பேசவேண்டுமென்று என்னைக் கேட்டுக்கொண்ட வாலிபத் தோழர்கள் எனக்குக் கொடுத்த விஷயம் பெண்களின் ஓட்டப் பந்தயத்தைப் பற்றியது. அதிலும், கூரை போட்ட மண்டபத்துக்குள் நடக்கும் பந்தயத்தில் பெண்கள் ஓடும் 800 மீட்டர், 1500 மீட்டர் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமாம். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறீர்கள். பொதுக்கூட்டம் போட்டு ஒலிபெருக்கி வைத்துப் பேச இது ஒரு விஷயமா என்று நினைக்கிறீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் பேசப்போவது விளையாட்டுக் கதையல்ல. ஒரு பெண் மைதானத்தை இரண்டு சுற்று சுற்றி ஓடலாமா, கூடாதா என்பதை அந்தப் பெண்ணைத் தவிர மற்ற எல்லோரும் உட்கார்ந்து தீர்மானித்து வந்த கதை. நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணை எதிரில் நிறுத்தி, உங்கள் சொந்த அறிவைக்கொண்டு ஆராய்ந்து பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரைக்குள் ஓட்டம்

முதலில் இந்தக் கூரைக்குள் ஓடும் சங்கதி என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெளி மைதானத்தில் ஓட்டப் பாதை ஒரு சுற்று 400 மீட்டர். 800 மீட்டர் என்றால் இரண்டு சுற்று. அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பனி கொட்டும் தேசங்களில் மாரிக்காலத்தில் வெளியில் ஓட முடியாது. ஆகவே பெரிய மண்டபம் கட்டி, அதற்குள்ளேயே பாதை போட்டுக்கொண்டார்கள். இடம் குறைவானதால் ஒரு சுற்று 200 மீட்டர்தான். வளைவுகள் நெருக்கமானவை, ஆதலால் வளைவில் பாதையைச் சாய்த்து உயர்த்தியிருப்பார்கள். அதே 800 மீட்டருக்கு அங்கே நாலு சுற்று ஓடவேண்டும். 1500 மீட்டருக்கு ஏழரைச் சுற்று. 1985-ம் வருஷம் பாரிஸ் பட்டணத்தில் உலகத்துக்கே பொதுவாக இத்தகைய போட்டியை முதன் முதல் நடத்தினார்கள். 1987-ல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸில் அது உலக வெற்றிப் போட்டி என்று பேர் பெற்றது.

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. நாமும் பெண்ணைக் கூரைக்குள் வைத்தோம். அவர்களும் கூரைக்குள் வைத்தார்கள். நாம் வைத்தது அடுப்பண்டையில். அவர்கள் வைத்தது ஓட்டப் பாதையில். அந்தக் கூரைக்குள்ளிருந்து 1 நிமிஷம் 55.82 விநாடியில் 800 மீட்டர் ஓடிக் காட்டினாள் ஸ்லோவேனியா தேசத்து யோலாண்டா செப்லாக் என்ற பெண். அது 2002-ம் வருஷம் வியன்னாவில் நடந்தது. அதற்குப்பின் இருபது வருஷம் வரையில் அதைத் தாண்ட ஒருவரும் வரவில்லை. நம் கூரைக்குள்ளிருந்து என்ன வந்தது? பெருமூச்சு வந்தது.

ஆனால் அவர்கள் மாத்திரம் பெரிய நீதிமான்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் யோக்கியதையையும் சொல்லுகிறேன்.

விழாதவர்களை விழவைத்த கதை

1928-ம் வருஷம் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஒலிம்பிக்கில்தான் பெண்களை முதன் முதல் 800 மீட்டர் ஓட விட்டார்கள். ஜெர்மனி தேசத்து லினா ராட்கே என்ற பெண் 2 நிமிஷம் 16.8 விநாடியில் முதலாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்தவள் ஜப்பான் தேசத்து கினுயே ஹிடோமி. அதற்குமுன் அவள் பந்தயத்தில் 800 மீட்டர் ஓடியதே கிடையாது. ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் ஆசியப் பெண் அவள்தான். இதற்கு என்ன செய்திருக்க வேண்டும்? கொண்டாடியிருக்க வேண்டும்.

ஆனால் பத்திரிகைக்காரர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? பதினொரு பெண்கள் ஓடினார்களாம். ஐந்து பேர் பாதியில் நின்றுவிட்டார்களாம். ஐந்து பேர் ஓடி முடித்ததும் மயங்கி விழுந்தார்களாம். இப்படி ஒருவர் எழுத, மற்றவர்களும் அந்தத் தாளத்துக்கே ஆடினார்கள். உண்மை என்ன? ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். அன்று எடுத்த திரைப்படம் இருக்கிறது. அதில் முடிவில் ஒருத்தி விழுவது தெரிகிறது. அவ்வளவுதான்.

இந்தப் பொய்யை ஆதாரமாக வைத்துக்கொண்டு, "பெண் உடம்பு இதைத் தாங்காது, சீக்கிரம் கிழவியாகிவிடுவாள், பிள்ளைப்பேறு கெட்டுப்போகும்" என்று பெரிய மனிதர்கள் பேசினார்கள். டாக்டர்களும் ஒத்து ஊதினார்கள். பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடியும் ஒலிம்பிக்கில் பெண்களை 800 மீட்டர் ஓட விட்டது எப்போது? 1960-ம் வருஷம், ரோமாபுரியில். இடையில் 32 வருஷம்! 1928-ல் பிறந்த குழந்தை வளர்ந்து, ஓடும் வயது வந்து, அந்த வயதும் கழிந்து போயிற்று. அப்படி எத்தனை ஆயிரம் பேர்! 1500 மீட்டருக்கோ 1972-ம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சரி, ஓடி விழுந்தால் பந்தயத்தை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நியாயமானால், அந்த நியாயம் ஆணுக்கும் உண்டா என்று பார்ப்போம். 1908-ம் வருஷம் லண்டனில் மாரத்தான் ஓடிய டொராண்டோ பியெட்ரி என்ற இத்தாலிக்காரர் எல்லைக்கு அருகில் வந்து பல தடவை விழுந்தார். தாங்கிப் பிடித்துத்தான் எல்லைக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் அரசியார் அவருக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார். 1912-ல் ஸ்டாக்ஹோமில் போர்ச்சுகல் தேசத்து பிரான்சிஸ்கோ லாசரோ மாரத்தானில் விழுந்து, அடுத்த நாள் செத்தே போனார். ஆண்களுக்கு மாரத்தானை எடுத்துவிட்டார்களா? இல்லை. ஆண் விழுந்தால் வீரம். பெண் விழாவிட்டாலும் பலவீனம்! இதற்கு என்ன பேர் வைப்பது? விஞ்ஞானம் என்று வைப்பதா, வீட்டுக் கிழவி பேச்சு என்று வைப்பதா? கிழவிகளாவது கேட்டதைச் சொல்லுவார்கள். இவர்கள் பார்த்ததையே மாற்றிச் சொன்னார்கள்.

1960-ல் ரோமாபுரியில் முதலாவதாக வந்த சோவியத் பெண் லுட்மிலா ஷெவ்ட்சோவாவுக்குப் பிடித்த நேரம் 2 நிமிஷம் 4.3 விநாடி. 1928-ஐவிட பன்னிரண்டரை விநாடி குறைவு. இந்த 32 வருஷத்துக்குள் பெண்ணுக்குப் புதிதாக ஒரு நுரையீரல் முளைத்துவிட்டதா? பெண் உடம்பு அதேதான். ஒலிம்பிக் பந்தயம் இல்லாவிட்டாலும் சில தேசங்களில் பெண்கள் பழகுவதை விடவில்லை; பழகப் பழக வேகம் வந்தது.

உப்புச் சுமைக்கு உதவும் உடம்பு

தோழர்களே! இது வெள்ளைக்காரன் தேசத்துச் சங்கதி, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நம் ஊரில் என்ன பேசுகிறோம்?

தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள். பாத்தியில் வாரின உப்பைக் கூடையில் ஏற்றி, தலையில் தூக்கி, சுடு வெயிலில் வரப்பின்மேல் நடந்துபோய் அம்பாரத்தில் கொட்டுகிறவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். காலில் உப்புப் பட்டுப் புண்ணாகிறது. வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை நடை? அந்த நடையையெல்லாம் கூட்டினால் 800 மீட்டர் எத்தனை மடங்கு ஆகும்? அப்போது எந்தப் பெரியவராவது வந்து, "அம்மா, உன் கருப்பை இறங்கிவிடும், கூடையைக் கீழே வை" என்று சொன்னதுண்டா? குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு நடந்தவளிடம் சொன்னதுண்டா? பதநீர் காய்ச்சும் விடலியில் புகைக்குள் நின்று கிண்டுகிறவளிடம் சொன்னதுண்டா?

சொல்லமாட்டார்கள். ஏனென்றால் அந்த உழைப்பால் அவர்களுக்கு லாபம். பெண் தனக்காக ஓடினால்தான் பெண் உடம்பின்மேல் திடீரென்று கருணை பிறந்துவிடுகிறது. "ஏளா, சமஞ்ச பிள்ளைக்கு என்ன ஓட்டம்? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவ?" என்று நம் வீடுகளில் கேட்பது இதுதான். சடங்கு வைத்துப் பந்தல் போட்டு ஊரைக் கூட்டிச் சோறு போடுவார்கள். அதே நாளோடு அந்தப் பிள்ளையின் ஓட்டத்துக்கும் முடிவு கட்டிவிடுவார்கள்.

மூச்சு வலுவில்லை என்பதும் ஒரு வாதம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தது ஆண்களின் தொழிலாகவே இருந்தது. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. இதைக்கொண்டு, கடலில் மூழ்கப் பெண்ணுக்கு மூச்சில்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அதே மன்னார் வளைகுடாவில், பாம்பன் பக்கத்துத் தீவுகளையொட்டிப் பெண்கள் மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். ஜப்பானில் சிப்பிக்கும் பாசிக்கும் மூழ்குவது தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் தொழில். அவர்களை ஆமா என்று சொல்லுவார்கள். மூச்சென்பது பழக்கத்தால் வருவது. பழக விட்டவருக்கு இருக்கிறது. பழக விடாதவருக்கு இல்லை.

பிள்ளைப்பேறு கெட்டதா?

பிள்ளைப்பேற்றைப் பற்றியும் பார்த்துவிடுவோம். மாதுரி சக்சேனா என்ற பெண் 2002-ம் வருஷம் பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதில் தங்கம் பெற்றவர் கேரளத்து பீனாமோள். மாதுரி அப்போது நாலு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். அந்தக் குழந்தை வயிற்றில் மூன்று மாதமாயிருந்தபோது, வேலைக்காக வைத்த ஓட்டத் தேர்வில் அவர் ஓடவேண்டியிருந்தது என்பதைப் பிற்காலத்தில் அந்த மகளே சொல்லியிருக்கிறார். கர்ப்பிணியை வேலைக்காக ஓடச் சொன்னது நியாயமென்று நான் சொல்லவில்லை, அது அநியாயம். ஆனால் ஓடினவளுக்குக் குழந்தை பிறக்காது என்ற பேச்சு என்னவாயிற்று? வயிற்றிலிருந்த அந்தக் குழந்தைதான் ஹர்மிலன் பைன்ஸ். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் தாயைப் போலவே 800 மீட்டரில் வெள்ளி பெற்றாள். 1500 மீட்டரிலும் வெள்ளி. 2024 பிப்ரவரியில் தெஹ்ரானில், வாலிபத் தோழர்கள் கேட்ட அந்தக் கூரைக்குள் நடந்த ஆசியப் போட்டியில், 1500 மீட்டரில் தங்கம் வாங்கினாள். இதற்குமேலும் பெண் ஓடினால் கருப்பை கெடும் என்பவர்கள், கெட்டதற்கு அத்தாட்சி கொண்டுவரட்டும்.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் தேசத்து மரியா முட்டோலா. ஏழை வீட்டுப் பெண். சிறுமியாயிருந்தபோது பையன்களோடு சேர்ந்து கால்பந்து ஆடினாள். தோற்ற கட்சிக்காரர்கள், பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று புகார் செய்தார்கள். தோற்றதற்கு வருத்தமல்ல, பெண்ணிடம் தோற்றதற்கு! கால்பந்தைவிட்டு ஓட்டத்துக்கு வந்தாள். 1993-லிருந்து 2006-க்குள் கூரைக்குள் நடக்கும் உலகப் போட்டியில் 800 மீட்டரில் ஏழு தடவை முதலாவதாக வந்தாள். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கிலும் தங்கம். பையன்களின் புகாரைக் கேட்டு அவள் தாய் வீட்டுக்குள் பூட்டியிருந்தால், உலகத்துக்கு இந்த முட்டோலா ஏது?

இரத்தமும் இயற்கையும்

இங்கே ஒரு தோழர், "நம் பிள்ளைகள் கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குகிறதே, அது இயற்கைதானே?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பதில் சொல்லுகிறேன்.

800 மீட்டர் ஓட்டம் கால் பலத்தால் மாத்திரம் ஓடுவதல்ல. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை இரத்தம் சுமந்துகொண்டு போய்த் தசைக்குக் கொடுக்கவேண்டும். இரத்தத்தில் அதைச் சுமப்பது இரும்புச்சத்துள்ள சிவப்பணு. அந்த இரும்பு குறைந்தால் சுமக்க ஆளில்லை. மூச்சு வாங்கும், கண் இருட்டும், கால் துவளும். 2019-லிருந்து 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையிலுள்ள பெண்களில் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தக் குறைவு என்று கண்டார்கள். இது இயற்கையா? மாதந்தோறும் இரத்தம் கழிகிற உடம்புக்கு அதிகமாகப் போடவேண்டியிருக்க, நம் வீட்டில் முட்டையும் மீனும் முதலில் யார் இலையில் விழுகின்றன? ஆண் பிள்ளை சாப்பிட்டு, அப்பன் சாப்பிட்டு, மீந்த குழம்பில் சட்டியைத் துடைத்துச் சாப்பிடுகிறவள் பெண். சாப்பாட்டில் வஞ்சித்துவிட்டு, மூச்சு வாங்கினால் இயற்கை என்கிறோம். வண்டி மாட்டைப் பட்டினி போட்டுவிட்டு, இந்த மாட்டுக்கு இழுக்கும் இயற்கை இல்லை என்று யாராவது சொல்லுவானா? மாட்டுக்குள்ள நியாயம் மகளுக்கு இல்லையா?

கத்தக்குறிச்சி சாந்தி

இனி இந்த விஷயத்தின் மிகவும் வேதனையான பாகத்துக்கு வருகிறேன். புதுக்கோட்டை ஜில்லாவில் கத்தக்குறிச்சி என்று ஒரு கிராமம். அங்கே செங்கல் சூளையில் வேலை செய்து பிழைத்த, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் 1981-ல் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். அரைவயிற்றுச் சாப்பாட்டோடு ஓடிப் பழகி, 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிஷம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். ரோமாபுரியில் 1960-ல் உலகத்துக்கே முதலாக வந்தவளின் நேரத்தைவிட இது குறைவு. செங்கல் சுமந்த வீட்டுப் பிள்ளை செய்த காரியம் இது!

என்ன செய்தார்கள்? அவரைக் கூப்பிட்டு உடம்பைச் சோதித்தார்கள். அவர் பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தவர். சோதனையில் அவர் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் பொய் சொன்னாரா? வேஷம் போட்டாரா? மருந்து தின்றாரா? ஒன்றுமில்லை. தன் உடம்புக்குள்ளே இருந்த, கண்ணுக்குத் தெரியாத, தான் கேட்டு வாங்கிக்கொள்ளாத ஒரு பிறவி வித்தியாசத்துக்காகத் தண்டனை. அந்தச் சோதனைச் செய்தியை டாக்டர் காதோடு காதாக அவரிடம் சொல்லி விளக்கியிருக்க வேண்டாமா? அது தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் ஊர் சிரிக்க வந்தது. 2007-ல் அவர் உயிரையே விட்டுவிட முயன்றார் என்றால், அந்த அவமானத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வேளையாகப் பிழைத்தார்.

அன்றைய தமிழக அரசாங்கம் பதினைந்து லட்ச ரூபாய் கொடுத்தது; அது பாராட்டத்தக்கது. என்றாலும் சில வருஷங்களுக்குப் பின் அவர் மறுபடியும் செங்கல் சூளையிலேயே கூலிக்குப் போகவேண்டியிருந்தது. அதற்குப்பின் பயிற்சியாளர் படிப்புப் படித்துத் தேறி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக வேலை பெற்றார். விழுந்தார்கள் என்று 1928-ல் பொய் சொன்னார்களே, அப்படியல்ல; இந்தப் பெண்ணை உண்மையாகவே கீழே தள்ளினார்கள். அவர் எழுந்து நின்று மற்றப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். பலவீனம் யாருடையது?

சோதனை யாருக்கு?

இதில் எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்லும் வாதத்தையும் நாம் நேர்மையாகப் பார்க்கவேண்டும். "ஆணும் பெண்ணும் ஒன்றாக ஓடினால் பெண்ணுக்குப் பதக்கமே கிடைக்காது, முதல் தரமான ஓட்டத்தில் ஆணுக்கு நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு வேகம் அதிகம். ஆகவே பெண்களுக்குத் தனிப் பந்தயம் வேண்டும், தனிப் பந்தயம் இருந்தால் அதற்கு ஒரு எல்லையும் வேண்டும்" என்கிறார்கள். தனிப் பந்தயம் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ளுகிறேன். எல்லை வேண்டும் என்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த எல்லையை எங்கே போடுவது என்பதில் அவர்களுக்கே நிலையான புத்தி இருந்திருக்கிறதா?

1966-ல் பெண்களை டாக்டர்கள் முன் நிறுத்திக் கண்ணால் பார்த்துத் தீர்மானித்தார்கள். 1968 ஒலிம்பிக்கிலிருந்து அணுவுக்குள்ளிருக்கும் குரோமோசோமைப் பார்த்தார்கள். 1985-ல் ஸ்பெயின் தேசத்து மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ என்பவரை அதில் தேறவில்லையென்று விலக்கினார்கள். அவர் போராடி, 1988-ல் மறுபடியும் சேர்த்துக்கொள்ள வைத்தார். 1996-ல் அட்லாண்டாவில் 3387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேர் தேறவில்லை. பிறகு எட்டுப் பேரையுமே ஓடலாம் என்று விட்டார்கள்! பிறகு 1999-ல் எல்லோரையும் சோதிக்கும் வழக்கத்தை ஒலிம்பிக் சபை நிறுத்தியது. அதற்குப்பின் இரத்தத்திலுள்ள டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பை அளந்தார்கள். ஒடிசாவின் தூத்தி சந்த் என்ற பெண் வழக்காடியதில், 2015-ல் விளையாட்டு நியாயஸ்தலம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் வேறு விதி எழுதினார்கள். அது எந்த ஓட்டத்துக்குத் தெரியுமா? 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலும். அதாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த நடுத்தர ஓட்டத்துக்கு! தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 2009-ல் பெர்லினில் 18 வயதில் 1 நிமிஷம் 55.45 விநாடியில் 800 மீட்டர் வென்றதிலிருந்து அவரைப் படுத்திய பாடு உலகம் அறிந்தது. மருந்து தின்று உன் உடம்பைக் குறைத்துக்கொண்டு வா என்றார்கள். அவர் மாட்டேன் என்றார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய பெஞ்சு தீர்ப்புச் சொல்லிற்று. அதே 2025 செப்டம்பரில் உலகத் தடகளச் சங்கம், பெண்கள் பிரிவில் ஓடுகிற எல்லோருக்கும் ஒரு மரபணுச் சோதனையைக் கொண்டுவந்தது.

கண்ணால் பார்ப்பது, குரோமோசோம், சுரப்பு, மரபணு என்று அளவுகோல் அறுபது வருஷமாக மாறி வந்திருக்கிறது. மாறாமல் இருந்தது ஒன்றுதான்: ஒவ்வொரு தடவையும் சோதனைக்கு நின்றது பெண், வெட்கப்பட்டதும் பெண். விதி எழுதியவர்கள் ஒரு தடவையாவது வெட்கப்பட்டதுண்டா? விதி தேவையானால் எழுதட்டும். ஆனால் அது முன்கூட்டியே தெரியவேண்டும். சோதனையின் முடிவு அவளுக்கு மாத்திரம் சொல்லப்படவேண்டும். அவளை மோசக்காரி என்று உலகம் பேசும்படி விடக்கூடாது. ஓடி வாங்கின பதக்கத்தைப் பின்னால் வந்து பிடுங்கக்கூடாது. இதைக் கேட்பது அதிகமா?

மருந்து வேறு, பிறப்பு வேறு

இதற்கும் மருந்து தின்று ஓடுவதற்கும் வித்தியாசம் தெரியவேண்டும். திருச்சி ஜில்லா முடிகண்டத்து கோமதி மாரிமுத்து 2019-ல் தோகாவில் ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வாங்கினபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். பின்னர் தடுக்கப்பட்ட மருந்து அவர் உடம்பில் இருந்ததென்று கண்டு, தங்கத்தையும் எடுத்து, நாலு வருஷம் தடையும் போட்டார்கள். தாம் அறிந்து அதைச் சாப்பிடவில்லை என்று அவர் சொன்னார். நம் தமிழ்ப்பெண் என்பதற்காக நாம் இதை மறைக்கவேண்டியதில்லை. மறைப்பது பகுத்தறிவல்ல. மருந்து வெளியிலிருந்து உள்ளே போவது. அதற்கு விதி உண்டு, விசாரணை உண்டு, தண்டனைக்குக் கால எல்லையும் உண்டு. சோதனைச்சாலை தவறினால் திருத்தவும் வழி உண்டு. 2002-ல் பூசானில் 1500 மீட்டர் வென்ற சுனிதா ராணியின் பதக்கத்தைப் பறித்து, சோதனையில் கோளாறு என்று தெரிந்தபின் திருப்பிக் கொடுத்தார்கள். மருந்து வழக்கில் திரும்பி வர வாசல் இருக்கிறது. பிறப்பைக் குற்றமாக்கினால் வாசல் எங்கே இருக்கிறது? பிறப்பைக்கொண்டு மனிதனைத் தள்ளி வைப்பது எவ்வளவு கொடுமை என்பதைச் சாதியால் அனுபவித்த நமக்கு வேறொருவர் வந்து விளக்கவேண்டியதில்லை.

நாம் செய்யவேண்டியது

தோழர்களே! உலகச் சங்கத்தின் விதியை நாம் சாயர்புரத்தில் உட்கார்ந்து மாற்றிவிட முடியாது. ஆனால் நம் வீட்டு விதியை மாற்ற யாரைக் கேட்கவேண்டும்?

ஜி.யு. போப் 1842-ல் இந்த ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் வைத்த காலத்தில், இன்ன சாதிக்குப் படிப்பு ஏறாது, பெண்ணுக்குப் படிப்பு ஆகாது என்று சொன்னவர்கள் இந்த நாடெங்கும் இருந்தார்கள். படிக்க விட்டபின் அந்தப் பேச்சு பொய்யாயிற்று. ஓட்டத்துக்கும் அதே மருந்துதான்: விட்டுப் பாருங்கள். மண்டபமும் சாய்ந்த பாதையும் வரும்போது வரட்டும். நம்மைச் சுற்றிச் செம்மணல் தேரி இருக்கிறது. அந்த மணலில் ஓடிப் பழகின கால் எந்தப் பாதையிலும் ஓடும்.

சாயங்காலத்தில் பள்ளி மைதானத்தைப் பையன்களுக்கு மாத்திரம் விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஓடுகிற பிள்ளைக்கு ஓடுகிற உடை கொடுங்கள். தாவணியைக் கட்டிவிட்டுத் தடுக்கி விழுந்தாள் என்று சொல்லாதீர்கள். முட்டையை இலையில் முதலில் அவளுக்குப் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். மாதவிலக்கைத் தீட்டென்று மூலையில் உட்கார வைக்காதீர்கள். உடம்பு கேட்டால் ஓய்வு எடுக்கட்டும், ஓடவேண்டுமென்றால் ஓடட்டும். அது அவளுக்குத் தெரியும். வயதுக்கு வந்த அன்றோடு ஓட்டத்தை நிறுத்துகிற வழக்கத்தை இந்த ஊரிலாவது நிறுத்துங்கள். ஒரு பிள்ளையின் உடம்பு மற்றவர்களைப் போலில்லை என்று தெரிந்தால், தெருவில் கூடிக் குசுகுசுக்காமல், நல்ல டாக்டரிடம் கூட்டிப்போய், அவளுக்குப் புரியும்படி சொல்லி, அவள் மானத்தைக் காப்பாற்றுங்கள். கத்தக்குறிச்சிக்கு வந்தது நம் ஊருக்கு வரவேண்டாம்.

தாய்மார்களே! உங்கள் பெண்கள் எல்லோரும் பதக்கம் வாங்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரத்தில் ஒருத்திக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மற்ற 999 பேருக்கும் என்ன கிடைக்கும் என்பதுதான் முக்கியம். இருட்டு வேளையில் தனியாக நடக்கத் தைரியம் கிடைக்கும், தன் உடம்பு தன்னுடையது என்ற உணர்ச்சி கிடைக்கும், "உன்னால் முடியாது" என்று யாராவது சொன்னால், "நீ எப்படிக் கண்டாய்?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் வரும். அந்தக் கேள்வியைப் பெண் கேட்க ஆரம்பித்துவிட்டால், மற்றக் காரியங்கள் தானாக நடக்கும்.

ஆகவே, பெண்ணால் ஆகாது என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால், பெண்ணைச் சோதிக்குமுன் அவர் சொல்லும் சொல்லைச் சோதியுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.